இருபது ஆண்டுப் பாக்கி

2005-ல் பாதி மனதோடு விடைபெற்ற ஜப்பானிய அனிமே ‘கன்டம் சீட்’ 2024-ல் திரையரங்குக்குத் திரும்பியது. ரசிகர்களின் பழைய மனக்குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைத்த படம், போரைப் பற்றிய பழைய கேள்வியை மட்டும் தள்ளிவைத்துவிட்டது.

கிரா யமாதோவின் முகத்தில் குத்து விழுகிறது. குத்தியவன் அஸ்ரன் ஸாலா, பால்ய காலத் தோழன். கப்பல் மூழ்கிவிட்டது, படை சிதறிவிட்டது, காதலி லாக்கஸ் எதிரியின் கையில் இருக்கிறாள். எல்லாவற்றையும் தான் ஒருவனே சுமக்க வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்குப் பலம் போதவில்லை என்று கிரா புலம்பித் தள்ள, கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் அஸ்ரன் கை ஓங்குகிறான். சண்டை ஏறக்குறைய ஒருபக்கமாகவே போகிறது. விலக்கிவிட வந்த சக வீரன் ஷின் அஸுகாவுக்கும் நடுவில் ஒரு குத்து கிடைக்கிறது.

‘மொபைல் சூட் கன்டம் சீட் ஃப்ரீடம்’ படத்தின் நடுப்பகுதியில் வரும் காட்சி இது. 124 நிமிடப் படத்தில் ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் படத்தின் அச்சாணி இந்த வெறுங்கைச் சண்டைதான். தொலைக்காட்சித் தொடரில் கிராவை எதிர்த்தவர்கள் உண்டு, வணங்கியவர்கள் உண்டு. உரிமையோடு அடித்து உட்காரவைக்க ஆள் இல்லை. 2002-ல் அறிமுகமான ஒரு நாயகனுக்கு அந்த அடி கிடைக்க 2024 ஜனவரி 26 வரை ஆயிற்று.

வெள்ளை ரோபோவின் வம்சம்

கன்டம் வரிசையின் தொடக்கம் ஒரு தோல்வி. 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சியில் ஆரம்பமான முதல் தொடரை இயக்கியவர் யோஷியுகி தோமினோ, தயாரித்தது சன்ரைஸ். ரோபோ என்றால் வாரம் ஒரு வில்லனை வீழ்த்தும் வீரன் என்றிருந்த காலத்தில், ராணுவம் தொழிற்சாலையில் செய்யும் ஆயுதங்களில் ஒன்றாக ரோபோவைக் காட்டியது அந்தத் தொடர். பார்த்தவர்கள் குறைவு. 52 வாரங்களுக்குத் திட்டமிட்ட கதை 43 வாரங்களில் சுருக்கி முடிக்கப்பட்டது. நிலைமையை மாற்றியவை இரண்டு: 1980 ஜூலையில் பன்டாய் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் மாதிரிகள், 1981-82-ல் வெளியான மூன்று தொகுப்புப் படங்கள். பாகம் பாகமாகப் பிரித்து ஒட்டிச் செய்யும் அந்த மாதிரிகளுக்கு ‘கன்ப்லா’ என்று பெயர் நிலைத்தது. மூன்றாவது படம் சுமார் 230 கோடி யென் வசூலித்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு எந்த கன்டம் படமும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

புதிய நூற்றாண்டின் பிள்ளைகளுக்காக அதே கதையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்ற யோசனையில் பிறந்தது ‘கன்டம் சீட்’. 2002 அக்டோபர் 5 முதல் 2003 செப்டம்பர் 27 வரை, 50 வாரம், சனிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பானது. இயக்குநர் மித்ஸுவோ ஃபுகுதா. கதையமைப்பு அவருடைய மனைவி சியாகி மொரோஸாவா. பாத்திர வடிவமைப்பு ஹிஸாஷி ஹிராய். விண்வெளிக் குடியிருப்பு தாக்கப்படுவதும், அங்குள்ள சாதாரணப் பையன் ஒருவன் ராணுவ ரோபோவுக்குள் ஏறிவிடுவதும், ஒரு வெள்ளைக் கப்பல் தப்பி ஓடுவதும், முகமூடி அணிந்த எதிரி துரத்துவதும் 1979-ன் அச்சு அசலான ஆரம்பம். மாறியது பகைக்கான காரணம். இங்கே ஒரு பக்கம் இயற்கையாகப் பிறந்த ‘நேச்சுரல்கள்’, மறுபக்கம் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட ‘கோ-ஆர்டினேட்டர்கள்’. கிரா கோ-ஆர்டினேட்டர், அவனுடைய நண்பர்கள் நேச்சுரல்கள், எதிர்முகாமில் இருப்பதோ அஸ்ரன்.

பேட்டரி தீர்ந்தால் சாம்பல் நிறம்

இந்த உலகத்துக்கு இருந்த பிடிமானம் அதன் தொழில்நுட்ப விதிகளிலும் இருந்தது. கதைக்குள், விண்வெளியில் வாழும் கோ-ஆர்டினேட்டர்களின் ஜூனியஸ் செவன் குடியிருப்பு ஒரு பிப்ரவரி 14 அன்று அணுகுண்டால் அழிக்கப்படுகிறது. இறந்தவர்கள் 2,43,721 பேர். அதற்குப் பதிலடியாக, அணுப்பிளவையே நடக்கவிடாமல் தடுக்கும் கருவிகளைக் கோ-ஆர்டினேட்டர்கள் பூமியெங்கும் புதைக்கிறார்கள். அணுகுண்டு செயலிழக்கிறது; கூடவே அணுமின் நிலையங்களும் நின்றுபோகின்றன. மின்சாரம் இல்லாத பூமியில் பத்தில் ஒருவர் சாகிறார். எந்தப் பக்கமும் சுத்தமான கைகளோடு போரைத் தொடங்கவில்லை என்பதை எழுத்தாளர்கள் இப்படி அடித்தளத்திலேயே போட்டுவைத்தார்கள்.

சண்டைக் காட்சிகளுக்கும் அந்தக் கணக்கு பயன்பட்டது. அணுசக்தி இல்லாததால் ரோபோக்கள் பேட்டரியில் ஓடுகின்றன. குண்டு துளைக்காத கவசத்துக்கு மின்சாரம் வேண்டும். தீர்ந்துபோனால் வெள்ளையும் நீலமுமாக இருந்த உடல் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். குழந்தைக்கும் புரியும் ஆபத்து அது. பிற்பாதியில் அந்தத் தடையை மீறி அணுசக்தியோடு ‘ஃப்ரீடம்’ ரோபோ வந்தபோது கிராவின் பலம் கூடியது. பேட்டரி எப்போது தீருமோ என்ற பதைப்பு போய்விட்டது. வரிசை முழுவதற்கும் பின்னால் வந்த வினைக்கு விதை இங்கேதான் விழுந்தது.

தொடர் ஒளிபரப்பான ஆண்டிலேயே, 2003 மார்ச்சில், இராக் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜப்பானியத் தற்காப்புப் படை இராக்கின் ஸமாவா நகருக்குப் போனது. பிற நாட்டைத் தாக்காது, தன்னைத் தாக்க விடாது, பிறர் சண்டையில் தலையிடாது என்ற கொள்கையோடு தொடரில் வரும் ‘ஓர்ப்’ என்ற தீவு நாடு எரிந்து விழும் காட்சியை ஜப்பானியப் பெற்றோரும் பிள்ளைகளும் அந்தப் போரின் பின்னணியில்தான் பார்த்தார்கள். கன்டத்தின் வாசலை மிதிக்காத பள்ளி மாணவர்களும் பெண்களும் பெருமளவில் ரசிகர்களானது இந்தத் தொடரில்தான்.

> பெட்டிச் செய்தி: சீட் வரிசை
> 2002–03: கன்டம் சீட், 50 பகுதிகள்
> 2004–05: கன்டம் சீட் டெஸ்டினி, 50 பகுதிகள்
> 2006: திரைப்பட அறிவிப்பு
> 2016: எழுத்தாளர் சியாகி மொரோஸாவா மறைவு
> 2021: ஷாங்காயில் 18 மீட்டர் உயர ஃப்ரீடம் சிலை, திரைப்படம் பற்றி மறு அறிவிப்பு
> 2024 ஜனவரி 26: கன்டம் சீட் ஃப்ரீடம்

நாயகன் பறிகொடுத்த நாற்காலி

2004 அக்டோபரில் வந்த ‘டெஸ்டினி’க்குப் புதிய நாயகன் ஷின் அஸுகா. ஓர்ப் மீதான தாக்குதலில் பெற்றோரையும் தங்கையையும் கண்ணெதிரே இழந்த பையன். கிரா போட்ட சண்டையின் அடியில் நசுங்கியவர்கள் யார் என்று கேட்கவே படைக்கப்பட்டவன் போலிருந்தது அவனுடைய வருகை. தங்கையின் கைப்பேசியை அவன் பத்திரமாக வைத்திருப்பது, ஸ்டெல்லா என்ற பெண்ணைக் காப்பாற்றத் துடிப்பது, அவள் இருந்த ரோபோவைக் கிரா வீழ்த்துவது, பழிவாங்க ஷின் கிராவின் ஃப்ரீடத்தையே உடைத்தெறிவது என்று முப்பத்துச் சொச்சம் வாரம் கதை அவன் கையில் இருந்தது.

பிறகு வழுக்கியது. கிராவும் அஸ்ரனும் புதிய ரோபோக்களோடு மையத்துக்கு வந்தார்கள். பாத்திரப் பட்டியலிலேயே ஷின்னின் பெயர் கீழே இறங்கியது. கடைசி வாரத்தில் அவன் தோற்று நிலவின் தரையில் அழுதுகொண்டிருந்தான். முன்பு காட்டியதையே திரும்பக் காட்டும் தொகுப்பு வாரங்களும், பழைய படங்களை வெட்டி ஒட்டிய சண்டைகளும் தயாரிப்பில் இருந்த நெருக்கடியைக் காட்டிக்கொடுத்தன.

அதைவிடப் பெரிய சிக்கல் கதையின் வாதத்தில் இருந்தது. எதிரியான டுரண்டால் முன்வைத்தது ‘டெஸ்டினி திட்டம்’: ஒவ்வொருவரின் மரபணுவையும் பரிசோதித்து, அவரவருக்குப் பொருத்தமான வேலையை அரசே ஒதுக்கிவிட்டால் போட்டியும் பொறாமையும் போரும் ஒழியும். கிராவும் லாக்கஸும் அதை மறுத்துப் போரிட்டு வென்றார்கள். அதற்கு மாற்றாக என்ன வழி என்று அவர்கள் சொல்லவில்லை. போர் தொடர்ந்தாலும் சுதந்திரம் போதுமா என்று யாரும் கேட்காமலேயே திரை விழுந்தது. 2005 அக்டோபரில் ரசிகர்கள் கையில் மிஞ்சியவை இந்தப் பாக்கிகள்.

எழுத்தாளர் இல்லாத திரைக்கதை

2006-ல் திரைப்படம் அறிவிக்கப்பட்டது. மொரோஸாவாவின் உடல்நலக் குறைவால் வேலை நகரவில்லை. இரண்டு தொடர்களும் மெருகேற்றிய பதிப்பாக 2011 முதல் மறுபடி வந்துபோயின. 2016 பிப்ரவரி 19 அன்று, 56-வது வயதில், பெருந்தமனிக் கிழிவால் மொரோஸாவா காலமானார். படம் அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

அவர் விட்டுச்சென்ற கதைக் குறிப்புகள் இருந்தன. இரண்டு தொடர்களையும் நாவலாக எழுதியிருந்த லியூ கோத்தோ, மொரோஸாவாவின் கணவர் ஃபுகுதாவோடு சேர்ந்து அவற்றைத் திரைக்கதையாக்கினார். மூவர் பெயரும் படத்தில் வருகின்றன. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் பழைய கூட்டணி பெருமளவு அப்படியே கூடியது ஓர் ஆச்சரியம். கிராவுக்கு ஸோய்ச்சிரோ ஹோஷி, அஸ்ரனுக்கு அகிரா இஷிதா, லாக்கஸுக்கு ரியே தனாகா, ஷின்னுக்குக் கெனிச்சி ஸுஸுமுரா என முக்கியக் குரல்கள் திரும்பின. இசை மீண்டும் தொஷிஹிகோ ஸஹாஷி. முதல் தொடரின் தொடக்கப் பாடலைப் பாடிய தகனோரி நிஷிகாவா, தெத்ஸுயா கொமுரோவோடு இணைந்து படத்தின் பாடலைத் தந்தார். அந்தத் தொடரின் நிறைவுப் பாடலைத் தந்த ஸீ-ஸா இருவர் குழுவும் படத்தின் இறுதிக்கு வந்து சேர்ந்தது.

படம் தீர்த்த கணக்குகள்

கதை நடப்பது டெஸ்டினி முடிந்து இரண்டு ஆண்டுக்குள். ரசிகருக்கு இருபத்திரண்டு வயது கூடியிருக்க, முதல் தொடரிலிருந்து கிராவுக்குக் கூடியிருப்பது நான்கே வயது. லாக்கஸ் தலைமையில் ‘கம்பஸ்’ என்ற பன்னாட்டு அமைதிக் கண்காணிப்பு அமைப்பு உருவாகியிருக்கிறது. கிரா அதன் படைத்தளபதி. கலவரம் எங்கே மூண்டாலும் ஓடுகிறான், அடக்குகிறான், அடுத்தது மூள்கிறது. வீட்டில் லாக்கஸ் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள்; அவனுக்கு வேலை முடிவதில்லை.

டெஸ்டினி தப்பவிட்ட கேள்வியைப் படம் இப்படித் தொடங்கும்போதே கையில் எடுக்கிறது. திட்டத்தை மறுத்தாகிவிட்டது, போர் நிற்கவில்லை. அப்படியானால் டுரண்டால் சொன்னது சரியா? இந்தச் சந்தேகம் கிராவை உள்ளே அரிக்கிறது. தொடரில் தெய்வச் சிலை போல் நின்றவனை, தூக்கம் கெட்ட, எரிந்து விழுகிற, பிறரை நம்பத் தெரியாத இளைஞனாக ஆக்கியது ஃபுகுதாவின் துணிச்சல். அஸ்ரனின் குத்து வலிப்பதற்கு அதுவே காரணம். அடிபட்டு விழுந்தவன் வாயிலிருந்து கடைசியில் வருவது உலக அமைதி பற்றிய பேச்சல்ல, லாக்கஸ் தன் பக்கத்தில் வேண்டும் என்ற ஆசை.

ஷின்னுக்குச் செய்திருப்பதுதான் படத்தின் சிறந்த வேலை. தன் குடும்பம் அழிந்த போரில் சண்டையிட்டவன், ஸ்டெல்லாவைக் கொன்றவன், இப்போது மேலதிகாரி. ஷின் அவனிடம் கோபத்தை வளர்த்துக்கொண்டிருக்கவில்லை. தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்க மாட்டாரா என்று ஏங்குகிறான். முதல் பாதியில் அவனுக்குக் கிடைப்பது பழக்கமில்லாத ரோபோ. தோற்றதும் பழியை அதன் மேல் போடுகிறான். பிற்பாதியில் கிரா அவனை நம்பிப் பழைய ‘டெஸ்டினி’ ரோபோவை ஒப்படைக்கும்போது அந்த முகத்தில் வரும் மலர்ச்சியைத் தொலைக்காட்சித் தொடரின் ஐம்பது வாரத்தில் தேடினாலும் காண முடியாது.

பிறகு நடப்பது திருவிழா. மனதைப் படிக்கும் ஆற்றல் கொண்ட எதிரிகள் ஷின்னின் மனதுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அங்கே ஸ்டெல்லாவின் உரு அவர்களைத் துரத்தியடிக்கிறது. நான்கு பேரை அவன் தனியாளாக முடித்துவைக்கிறான். இதே தந்திரத்தின் நகைச்சுவைப் பதிப்பும் உண்டு: அஸ்ரன் சண்டையின் நடுவே தன் காதலி ககாலியைப் பற்றி ஏடாகூடமாக நினைத்து, மனதைப் படிக்க வந்த எதிரியை நிலைகுலைய வைக்கிறான். அதற்கு முன்னதாக அவன் வந்திறங்கும் ரோபோ ‘ஸ்கோக்’. 1979 தொடரில் வில்லன் ஷார் ஓட்டிய அதே மாதிரி, பார்த்தவுடன் சிரிப்பு வரும் தடித்த உருவம். விளம்பரங்களில் முக்கியமான ரோபோக்களை மறைத்துவைத்துத் திரையரங்கில் ஒவ்வொன்றாக அவிழ்த்தது கெட்டிக்காரத்தனம்.

ரோபோக்கள் பெரும்பாலும் முப்பரிமாணக் கணினி வரைகலையில் அசைகின்றன. கையால் வரைந்த கோட்டின் கனம் இல்லை என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் நகல் காட்சிகளால் கெட்டபெயர் வாங்கிய தொடரின் வாரிசுக்குப் புத்தம்புதுச் சண்டைகள் தேவைப்பட்டன, அது கிடைத்தது.

தீராத கணக்கு

படத்தின் எதிரி ‘ஃபவுண்டேஷன்’ என்ற புதிய சிறு நாடு. சிறுமியின் உடலில் வாழும் அரசி ஔரா. கோ-ஆர்டினேட்டரையும் மிஞ்சும்படி உருவாக்கப்பட்ட ‘அக்கோர்டுகள்’. அவர்களில் முதல்வன் ஓர்ஃபே. லாக்கஸும் அதே சோதனையில் பிறந்தவள், தனக்காகவே வடிவமைக்கப்பட்டவள் என்று அவன் உரிமை கொண்டாடுகிறான். மரபணு முடிவு செய்த துணையா, மனது தேர்ந்த துணையா? டெஸ்டினி திட்டத்தின் முழு விவாதமும் ஒரு முக்கோணக் காதலாகச் சுருங்கிவிடுகிறது.

காதல் கதையாக அது தெளிவான, உணர்ச்சிகரமான விடை. தகுதியைப் பார்த்து அன்பு வருவதில்லை என்று லாக்கஸ் சொல்வதும், அவள் கொண்டுவரும் துணைக்கலத்தோடு கிராவின் ரோபோ இணைவதும் அந்தத் தர்க்கத்தின் உச்சம். அரசியல் கேள்விக்கு அது விடையாகாது. வேலை, கல்வி, வாழ்வு எல்லாவற்றையும் பரிசோதனைக்கூடம் தீர்மானிக்கும் சமூகத்தை மறுக்கிறவர்கள், பிறப்பிலேயே சமமற்ற இரண்டு இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழும் என்று சொல்லியாக வேண்டும். நேச்சுரல்களின் வெறுப்பு இயக்கமான ‘புளூ காஸ்மாஸ்’ படத்தின் தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டு எதிரி வகுத்த பொறியின் இரையாகக் கரைகிறது. நகரங்கள் அழியும் காட்சிகள் வேகமாகக் கடந்துபோகின்றன. இறந்தவர்களில் ஒருவருக்கும் ஷின்னின் தங்கையைப் போல ஒரு முகம் கிடையாது. எல்லை தாண்டிப் போய்ச் சுடும் கம்பஸுக்கு அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர் யார் என்பதும் பாதியில் விடப்படுகிறது.

வில்லன்களை வெறுப்பது எளிது என்பதும் ஒரு குறையே. முதல் தொடரின் முகமூடி மனிதன் ரௌ ல க்ரூஸே சொன்னவற்றில் பாதி உண்மை இருந்தது. டுரண்டாலின் பேச்சில் பாதிக்கும் மேல். ஓர்ஃபேயின் கூட்டம் ஆணவத்தோடு வந்து ஆணவத்தோடு அழிகிறது. போரில் எதிரி பக்கமும் நியாயம் உண்டு என்பதே கன்டம் என்ற பெயரின் மூலதனம். ‘ஃப்ரீடம்’ அதைத் தொடாமல் வட்டியில் கொண்டாடியிருக்கிறது.

> பெட்டிச் செய்தி: வசூல் கணக்கு
> முதல் 3 நாள்: 100 கோடி யென்னுக்கு மேல்
> 1982-ன் கன்டம் சாதனை முறியடிப்பு: மூன்று வாரங்கள் முடிவதற்குள்
> ஜப்பானில் மொத்தம்: 500 கோடி யென்னுக்கு மேல்
> முன்பு வந்த கன்டம் படங்களில் ‘ஹாத்தவே’ (2021): சுமார் 220 கோடி யென்

வளர்ந்த பிள்ளைகளின் பணப்பை

வசூலுக்குப் பின்னால் ஒரு தலைமுறைக் கணக்கு இருக்கிறது. 2002-ல் பத்து வயதில் 300 யென் கன்ப்லா வாங்கியவருக்கு இப்போது முப்பதைத் தாண்டியிருக்கும்; பத்து மடங்கு விலையுள்ள பெட்டியையும் யோசிக்காமல் எடுப்பார். வாரம்தோறும் மாறும் அன்பளிப்புகளுக்காக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கமும் ஜப்பானிய அனிமே ரசிகர்களிடம் வேரூன்றியது. படக் கதை தெரிந்த பிறகும் அரங்கு நிறைந்ததில் அதற்கும் பங்குண்டு.

1994 முதல் சன்ரைஸ் பன்டாய் குழுமத்தின் உடைமை. 2022-ல் பெயரும் பன்டாய் நாம்கோ ஃபிலிம்வொர்க்ஸ் ஆகிவிட்டது. ஆகவே திரையில் வரும் ஒவ்வொரு புதிய ரோபோவும் கடை அலமாரிக்கான புதிய பெட்டி. கன்டம் பெயரில் குழுமம் ஈட்டும் விற்பனை ஆண்டுக்கு 10,000 கோடி யென்னைத் தாண்டிவிட்ட காலம் இது. ஜப்பானுக்கு வெளியே முதல் முழு அளவுச் சிலைக்கு 1979-ன் ரோபோவை விட்டுவிட்டு ஃப்ரீடத்தைத் தேர்ந்ததும், அதை ஷாங்காயில் நிறுத்தியதும் சந்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே செய்தவை. ஆசியாவின் பல நகரங்களில் ஒரு தலைமுறைக்கு கன்டம் என்றால் சீட்தான்.

விலையும் உண்டு. படம் புதியவர்களுக்குக் கை கொடுப்பதில்லை. முன்கதையாக நிற்பவை 100 வாரப் பகுதிகள், ஏறக்குறைய நாற்பது மணி நேரம். முதல் தொடருக்கு மூன்று, டெஸ்டினிக்கு நான்கு என்று தொகுப்புப் படங்கள் இருக்கின்றன. அவசரக்காரர்களுக்கு அவை உதவும். ஆனால் ஷின்னின் மலர்ச்சி புரிய வேண்டுமானால் அவன் அழுத ஐம்பது வாரத்தையும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதே நிறுவனம் அடுத்த ஆண்டே வேறு வழியையும் சோதித்தது. 2025 ஜனவரி 17 அன்று வெளியான ‘ஜீக்வாக்ஸ்: பிகினிங்’, எவாஞ்சலியன் படங்களைத் தந்த காரா நிறுவனத்தோடு சேர்ந்து செய்யப்பட்டது, இயக்கம் கஸுயா த்ஸுருமாகி. 1979 கதையின் முடிவையே அது மாற்றிப்போட்டது: அங்கே போரில் வென்றது எதிரியான ஸியோன், வெள்ளை ரோபோவைக் கைப்பற்றி ஓட்டுபவன் ஷார். அந்தப் படமும் 300 கோடி யென்னைத் தாண்டியது. பழைய பாத்திரங்களை விட்ட இடத்திலிருந்து தொடர்வது, பழைய வரலாற்றையே கலைத்து அடுக்குவது என்று இரண்டு வழிக்கும் கூட்டம் வந்தது. நாற்பது ஆண்டு அசையாமல் இருந்த 1982-ன் சாதனை, ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை தாண்டப்பட்டது.